முயலின் கண்ணில் விழுந்த வெள்ளைப் புள்ளி

முயலுக்குக் கண் ஆபரேஷனா? கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் முதலில் சிரித்தவன்தான்.

கல்யாண் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டில் ஒரு முயல் வளர்கிறது. உடம்பெல்லாம் வெள்ளை, காது மட்டும் சாம்பல். பெயர் பஞ்சு. என் மகள் ஐந்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியதற்காகச் சந்தையில் வாங்கிக் கொடுத்தது. இரண்டு அறை கொண்ட வீட்டில் நான், மனைவி, மகள், ஊரிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் என் தாயார், இவர்களோடு பஞ்சுவும் ஒரு ஜீவன்.

தாயாருக்கு மட்டும் பஞ்சு மீது ஒரு குறை. "ஏளா, இந்த மொசலக் குளிப்பாட்டுனா என்ன? அழுக்கா கெடக்கு" என்று பேத்தியைத் தினமும் கடிந்துகொள்வாள். "முயலைக் குளிப்பாட்டக் கூடாது ஆச்சி, பயத்திலேயே செத்துப் போகும்" என்பாள் மகள். குழந்தை சொன்னது சரிதான். ஆனால் ஆச்சி ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எங்களுக்கு வெகு நாள் கழித்துத்தான் விளங்கியது.

அரிசி போல ஒரு புள்ளி

ஒரு நாள் காலையில் மகள் ஓடி வந்தாள். "அப்பா, பஞ்சு கண்ணிலே அரிசி ஒட்டியிருக்கு." பார்த்தேன். இடது கண்ணின் உள்ளே, அரிசி நொய் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. துணியால் துடைத்தால் போகவில்லை. கண்ணுக்கு மேலே இருந்தால் அல்லவா துடைக்க வரும்!

பக்கத்தில் ஒரு பிராணி வைத்தியரிடம் கொண்டு போனோம். அவர் கூடையிலிருந்து வெளியே எடுக்காமலே பார்த்துவிட்டு, கண் வலி என்று சொல்லிச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். பத்து நாள் போட்டோம். புள்ளி பட்டாணி அளவு ஆனது. கண்ணும் சிவந்தது. இடது பக்கமாக யாராவது தொட்டால் பஞ்சு துள்ளி விழுந்தது. சுவரை ஒட்டியே நடந்தது. ஆனால் தின்பதில் குறைவில்லை. அதனால் நாங்களும் மெத்தனமாக இருந்துவிட்டோம்.

அங்கேதான் தவறு செய்தோம். நரிக்கும் பருந்துக்கும் இரையாகும் பிறவி முயல். வலிக்கிறது என்று காட்டிக்கொண்டால் காட்டில் அதற்கு ஆயுள் இல்லை. ஆகவே நோவை மறைப்பது அதன் இயல்பு. நாயைப் போல முனகாது; பூனையைப் போலக் கத்தாது. பல்லை நறநறவென்று கடிக்கும், மூலையில் ஒடுங்கும், அவ்வளவுதான். முயல் வலியைக் காட்டுகிறது என்றால் நோய் முற்றிவிட்டது என்று பொருள்.

முயலின் பார்வை நம்முடையது போன்றதல்ல. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால், தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய முழு வட்டத்தையும் அது பார்க்கும். மூக்குக்கு நேர் முன்னே மட்டும் சிறிது இடம் அதற்குத் தெரியாது. நாம் நீட்டும் தழையை அது கண்ணால் பார்த்து வாங்குவதில்லை. மோப்பத்தாலும் மீசையாலும் உதட்டாலும் கண்டுபிடித்துத்தான் வாங்குகிறது. ஒரு கண் போனாலும் அது தின்று திரிந்துகொண்டிருக்கும். வீட்டார் கண்டுபிடிக்க நாளாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்ணுக்குள் புகுந்த கிருமி

பம்பாய்க்குப் பிராணி வைத்தியம் புதிதல்ல. பிராணி வதைத் தடுப்புச் சங்கம் இங்கே 1874-ல் ஏற்பட்டது. பரேலில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1886-ல் தொடங்கியது. குதிரை டிராமும் மாட்டு வண்டியும் ஓடிய காலத்தில் ஏற்பட்டவை இவை. இன்று பிராணிகளின் கண்ணுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கும் டாக்டர்களும் நகரத்தில் இருக்கிறார்கள். அப்படி ஒருவரைப் பற்றி அலுவலகத்தில் ஒரு நண்பர் சொன்னார். நைட் டியூட்டி முடிந்த கையோடு, துணி மூடிய கூடையுடன், மகளையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

அந்த டாக்டர் முதலில் மருந்தையோ கருவியையோ தொடவில்லை. ஒரு சிறு பஞ்சு உருண்டையை எடுத்து, பஞ்சுவின் வலது பக்கம் மெல்ல விழவிட்டார். தலை அசைந்தது. இடது பக்கம் விழவிட்டார். அசையவில்லை. பஞ்சு உருண்டை தரையில் விழும்போது சத்தம் வராது, காற்றும் வராது. கண் தெரிந்தால்தான் பிராணி திரும்பும். மகள் இதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு விளக்கு வைத்துப் பார்த்தார், கண்ணின் அழுத்தத்தை அளந்தார், ரத்தம் எடுத்தார். அவர் சொன்ன விவரம் இது:

முயல்களுக்கு வரும் நுண்கிருமி ஒன்று உண்டு. பெயர் என்செபாலிட்டோசூன் குனிகுளி. மூளை, சிறுநீரகம், கண் மூன்றையும் அது தாக்கக்கூடியது. தாய் முயலுக்கு இருந்தால் கருவிலேயே குட்டிக்குத் தொற்றும். அப்போது உருவாகிக்கொண்டிருக்கும் கண் லென்ஸுக்குள் புகுந்து பதுங்கிக்கொள்ளும். குட்டி பிறந்து வளர்ந்து, நன்றாகத் துள்ளி விளையாடும் பருவத்தில், லென்ஸைச் சுற்றியுள்ள மெல்லிய உறை கிழிகிறது. உள்ளே இருந்த பொருள் வெளியே கசிகிறது. உடம்பு அதுவரை அந்தப் பொருளைப் பார்த்ததே இல்லை. ஆகவே அந்நியன் என்று எண்ணிப் படையெடுக்கிறது. அந்தச் சண்டையில் சேரும் வெள்ளைத் திரள்தான் நாங்கள் அரிசி என்று எண்ணியது. பெரும்பாலும் இது ஒரு கண்ணில்தான் வரும். கவனிக்காமல் விட்டால் கண்ணில் அழுத்தம் ஏறும். பிறகு பார்வையும் போகும், தாங்க முடியாத வலியும் மிஞ்சும்.

இதற்கு இரண்டு வழி இருக்கிறது என்றார் டாக்டர். நோய் முற்றுவதற்குள் ஆபரேஷன் செய்து கெட்டுப்போன லென்ஸை எடுப்பது ஒன்று. அழுத்தம் ஏறி, பார்வை அடியோடு போய், வலி மட்டும் மிஞ்சிய பிறகு கண்ணையே எடுப்பது மற்றொன்று. "இன்னும் நாலு வாரம் கழித்து வந்திருந்தால் இரண்டாவதைத்தான் சொல்லியிருப்பேன்" என்றார்.

பணமும் மனமும்

செலவைக் கேட்டதும் எனக்கு வியர்த்தது. என் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும் பகுதி. ஊரில் கோயில் கொடைக்குப் போவதற்கென்று மனைவி சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த பணம் ஏறக்குறைய அவ்வளவு இருந்தது.

அன்று இரவு வீட்டில் பேச்சு நடந்தது. "ஏலே, மொசலுக்குப் போயி கண்ணு ஆப்ரேசனா? ஊருல சொன்னா சிரிப்பாவ" என்றாள் தாயார். மனைவி ஒன்றும் பேசவில்லை. மகளும் அழவில்லை. "ஒரு கண்ணு இருந்தா போதும்னு பஞ்சு சொல்லிச்சாப்பா?" என்று மட்டும் கேட்டாள். காலையில் மனைவி பணத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

முயலின் கண் மனிதனுக்காகப் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1944 முதல் அமெரிக்காவில் வழக்குக்கு வந்த ட்ரெய்ஸ் சோதனை என்று ஒன்று உண்டு. முகப் பூச்சும் சோப்பும் மனிதக் கண்ணில் பட்டால் எரியுமா என்று அறிய, அவற்றை முயலின் கண்ணில் இட்டுப் பார்ப்பார்கள். அழகு சாதனப் பொருள்களைப் பிராணிகளிடம் சோதிப்பதை இந்தியா 2014-ல் தடை செய்தது. நம் கண்ணுக்காக எத்தனையோ முயல்கள் கண் இழந்திருக்கின்றன. ஒரு முயலின் கண்ணுக்காக ஒரு வருஷம் கொடைக்குப் போகாவிட்டால் என்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மயக்க மருந்து என்னும் கண்டம்

ஆபரேஷனைவிட மயக்க மருந்துதான் பயம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். பிரிட்டனில் நடந்து 2008-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், மயக்கம் கொடுத்த பிராணிகளில் இறந்தவை நாய்களில் நூற்றுக்கு 0.17, பூனைகளில் 0.24, முயல்களில் 1.39. அதாவது ஆயிரம் நாய்களில் இரண்டுக்கும் குறைவு. ஆயிரம் முயல்களில் பதினான்கு.

மனிதருக்கு ஆபரேஷன் என்றால் முதல் நாள் இரவே வயிற்றைக் காயப் போடுவார்கள். முயலுக்கு அப்படிச் செய்யக் கூடாது. முயலால் வாந்தி எடுக்க முடியாது. ஆகவே அந்தப் பயம் இல்லை. மாறாக, அதன் குடல் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் ஆபத்து. கூடையில் புல்லையும் கொத்தமல்லித் தழையையும் வைத்தே அனுப்பச் சொன்னார்.

ஆபரேஷன் முறை மனிதருக்குச் செய்வதுதான். கண்ணின் ஓரத்தில் சிறு கீறல். அதன் வழியே ஊசி போன்ற குழாய் ஒன்றை விட்டு, அல்ட்ராசவுண்ட் அதிர்வால் லென்ஸைப் பொடித்து உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். 1967-ல் நியூயார்க் டாக்டர் சார்லஸ் கெல்மன் இந்த முறையைக் கொண்டுவந்தார். பல் டாக்டரிடம் பல்லைச் சுத்தம் செய்யப் போன இடத்தில், அந்தக் கருவியின் அதிர்வைக் கண்டுதான் அவருக்கு இந்த யோசனை வந்ததாம்.

மனிதருக்கு எடுத்த இடத்தில் செயற்கை லென்ஸ் வைப்பார்கள். பஞ்சுவுக்கு வைக்கவில்லை. லென்ஸ் இல்லாவிட்டால் நுணுக்கம் தெரியாது; வெளிச்சம், நிழல், அசைவு தெரியும். முயலுக்கு அது போதும். அது என்ன பேப்பரா படிக்கப் போகிறது?

இரண்டு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மகள் என் சட்டை நுனியைப் பிடித்த பிடியை விடவில்லை. கதவு திறந்து, "விழித்துக்கொண்டது" என்று சொன்னபோதுதான் விட்டாள்.

புழுக்கைக்குக் கைகூப்பிய காலை

ஆபரேஷன் பாதி, வீட்டில் கவனிப்பது மீதி. மூன்று விதமான சொட்டு மருந்து. ஒன்று போட்டு ஐந்து நிமிஷம் கழித்துத்தான் அடுத்தது. இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக் கொண்டுபோய்விடும். வாய் வழியாகவும் ஒரு மருந்து, 28 நாள் விடாமல். பெயர் ஃபென்பெண்டசோல். ஆடு மாடுகளுக்குக் குடற்புழு நீக்கக் கொடுக்கிறார்களே, அதே மருந்துதான். கிருமி மேலும் பெருகாமல் தடுக்க.

பார்சல் ஆபீசில் ரிஜிஸ்டர் எழுதிப் பழகிய கை. ஒரு நோட்டில் கோடு போட்டுக் கட்டம் கட்டிக் கொடுத்தேன். நேரம், மருந்து, தின்றது, போட்ட புழுக்கை, எடை. எடைக்கு மளிகைக் கடைத் தராசு. கடைக்காரர் முதல் நாள் சிரித்தார். நாலாம் நாள் அவரே, "இன்னைக்கு எப்படி?" என்று கேட்டார்.

கழுத்தில் கூம்பு போன்ற பட்டை மாட்டுவது நாய்க்குச் சரி. முயலுக்கு அதில் ஒரு சங்கடம். முயல் தன் இளகிய கழிவை இரவில் தானே வாயால் எடுத்துத் தின்னும். அருவருப்பான விஷயம் அல்ல. அதில்தான் அதற்குரிய சத்து இருக்கிறது. பட்டை மாட்டினால் அது எட்டாது. ஆகவே மெல்லிய துணிப் பட்டையை மாட்டி, நாங்கள் பக்கத்தில் இருக்கும் நேரமெல்லாம் கழற்றிவிட்டோம்.

இரண்டாம் இரவு பஞ்சு தின்னவில்லை. தழையை மூக்கருகே நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நோட்டில் புழுக்கைக் கட்டம் காலியாக இருந்தது. டாக்டருக்குப் போன் போட்டோம். அவர் கொடுத்திருந்த மாவைக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் மூன்று மணிக்கு ஒரு தரம் வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். எனக்கு டியூட்டி. ராத்திரி முழுக்க விழித்தது மனைவி. காலையில் நான் வந்தபோது, கூண்டின் அடியில் ஆறு புழுக்கை. மனைவி நோட்டில் 6 என்று எழுதி வட்டம் போட்டிருந்தாள். முயல் புழுக்கையைப் பார்த்துக் கைகூப்பியவர்கள் இந்தக் குவார்ட்டர்ஸில் நாங்களாகத்தான் இருப்போம்.

நாற்பது நாளில் சிவப்பு அடங்கியது. டாக்டர் மறுபடி பஞ்சு உருண்டையை இடது பக்கம் விழவிட்டார். தலை அசைந்தது. இத்தோடு தீர்ந்தது என்று சொல்ல முடியாது. முயலின் கண்ணில் லென்ஸ் இழைகள் மீண்டும் வளரும் சுபாவம் உண்டு. மறுபடி மங்கலாம். ஆகவே அவ்வப்போது காட்ட வேண்டும். எப்படியானாலும் வலி போய்விட்டது.

ஆச்சியின் கண்

நான் எழுத வந்த விஷயம் இனிமேல்தான்.

டாக்டர் செய்ததைப் பார்த்த மகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. வீட்டில் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, ஒரு கண்ணைப் பொத்தி, "எத்தனை விரல்?" என்று கேட்பாள். நான் தேறினேன். மனைவி தேறினாள். ஆச்சியின் இடது கண்ணைப் பொத்தி, வலது கண்ணுக்கு நேரே மூன்று விரலைக் காட்டினாள்.

"போளா, வேலையப் பாரு" என்றாள் ஆச்சி.

குழந்தை விடவில்லை. "எத்தனை ஆச்சி?"

"அஞ்சு."

விரலை மடக்கினாள். "இப்போ?"

ஆச்சி பேசாமல் இருந்தாள். பிறகு, "வெளிச்சம் இல்லலா" என்றாள். பகல் பதினொரு மணி.

எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒரு வருஷமாகத் தாயார் பத்திரிகையைத் தானே படிப்பதில்லை. பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். பம்பாயில் வளரும் பிள்ளைக்குத் தமிழ் பழக்குகிறாள் என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். அரிசியில் கல்லைக் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவித்தான் எடுப்பாள். மாடிப்படியில் சுவரைத் தொட்டுக்கொண்டே இறங்குவாள். பஞ்சுவைப் போல.

"ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். "நீ நைட் டூட்டி பாத்துட்டு வந்து தூங்குத. ஒனக்கு ஒரு செலவா?" என்றாள்.

செலவு! ரயில்வே ஊழியனை நம்பியிருக்கும் விதவைத் தாய்க்கு ரயில்வே ஆஸ்பத்திரியில் வைத்தியம் உண்டு. முயலுக்குப் பணம் புரட்டிய நான், காசே செலவில்லாத தாயார் கண்ணைப் பார்க்கவில்லை. மறு வாரமே அழைத்துப் போனேன். புரை முற்றியிருந்தது. பயந்தாள். "மொசலே தாங்கிச்சு ஆச்சி" என்றாள் பேத்தி. அதற்கு மேல் தாயார் மறுக்கவில்லை. மயக்க மருந்துகூட வேண்டியிருக்கவில்லை. கண்ணை மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்தார்கள். வீட்டில் அதே நோட்டில் அடுத்த பக்கத்தில் கட்டம் கட்டினோம். புழுக்கைக் கட்டம் மட்டும் இல்லை.

வளர்ப்பவர்கள் கவனத்துக்கு

முயல் வளர்க்கும் வாசகர்கள் வாரம் ஒரு முறை அதன் இரு கண்களையும் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். வெண்மை, சிவப்பு, நீர் வடிதல், ஒரு கண் பெரிதாகத் தெரிதல் இவற்றில் எது கண்டாலும் தாமதிக்காதீர்கள். மனிதருக்கு வாங்கிய சொட்டு மருந்தை ஊற்றாதீர்கள். கண்ணில் புண் இருந்து, மருந்தில் ஸ்டீராய்டும் இருந்தால் கண்ணே கெடும். பென்சிலின், அமாக்சிசிலின் வகை மருந்தை முயலுக்கு வாய் வழியாகக் கொடுத்தால் குடல் கெட்டு உயிருக்கே ஆபத்து. பன்னிரண்டு மணி நேரம் முயல் தின்னாவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்தக் கிருமி முயலின் சிறுநீரில் வெளிப்படும். கூண்டைச் சுத்தம் செய்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். உடம்பில் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் அந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

பார்வை முழுதும் போன முயலும் நன்றாக வாழும். தண்ணீர்க் கிண்ணத்தையும் கூண்டையும் இடம் மாற்றாமல் இருந்தால் போதும். தொடுவதற்கு முன் குரல் கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களின் ஒரு கண்ணைப் பொத்தி, மற்றக் கண்ணுக்கு விரலைக் காட்டிக் கேளுங்கள். பிறகு அடுத்த கண். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

கட்டுப் பிரித்த மறுநாள் தாயார் பலகையில் உட்கார்ந்திருந்தாள். பஞ்சு அவள் காலடிக்கு வந்தது. குனிந்து வெகு நேரம் பார்த்தாள். புரை விழுந்த கண்ணுக்கு வெள்ளையெல்லாம் மஞ்சளாகத் தெரியுமாம்.

"ஏளா," என்று பேத்தியைக் கூப்பிட்டாள். "எப்பளா இதக் குளிப்பாட்டுன?"